காலடியில் ஓர் ஆளி: விலை குறைந்த சஸ்டெயின் பெடலைத் தெரிவு செய்தல்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டின் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கீபோட் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்ட பிள்ளைகளிடம் சஸ்டெயின் பெடல், அதாவது சுரத்தை நீட்டும் கால்மிதி, ஒன்று வாங்கச் சொல்லும் கிழமையில் பெற்றோரிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். அதைப் பூட்டினால் சத்தம் கூடுமா என்று ஒருவர் கேட்பார். யமாஹா கீபோட்டுக்கு யமாஹா பெடல்தான் பூட்ட வேண்டுமா என்று இன்னொருவர் கேட்பார். கத்தாரிலிருந்து தம்பி கொண்டுவந்த பெடல் மாறி வேலை செய்கிறது, அதை எறிந்துவிடுவதா என்று வேறொருவர் கேட்பார். கடைக்காரர் ஒன்று சொல்லியிருப்பார், தேவாலயத்தில் வாசிக்கும் அண்ணன் வேறொன்று சொல்லியிருப்பார், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. பெடல் என்ன வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து யாரும் சொல்லாமல், எந்தப் பெடல் நல்லது என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் பதில் சொல்வதால் வரும் குழப்பம் இது.

சாதாரண சஸ்டெயின் பெடலுக்குள் இசை எதுவும் இல்லை. அது வாசற்கதவருகே இருக்கும் அழைப்பு மணிப் பொத்தானின் நெருங்கிய உறவு. ஒலி முழுவதும் கீபோட்டுக்குள்ளேயே பிறக்கிறது. பெடல் அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்கிறது. இதை விளங்கிக்கொண்டவர் எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதைக் கடையில் நின்றபடியே தீர்மானித்துவிடலாம்.

## கைமணியும் ஐயரின் விரலும்

கோவிலில் தீபாராதனை முடிந்ததும், ஐயர் கைமணியைக் கீழே வைப்பதற்கு முன் அதன் விளிம்பை விரலால் மெல்லத் தொடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுவரை கணீரென்று நீண்டுகொண்டிருந்த ஒலி அந்தக் கணத்தில் அடங்கிவிடும். விரலை வைக்காமல் விட்டால் அதே ஒலி தானாகத் தேய்ந்து மறைய நேரம் எடுக்கும். மணியை அடிப்பது ஒரு செயல், ஒலியை அடக்குவது இன்னொரு செயல் என்ற இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு பியானோவுக்கு வருவோம்.

பியானோவின் உள்ளே இருப்பவை இறுக்கிக் கட்டிய உருக்குத் தந்திகள். ஒரு கட்டையை அழுத்தினால் சிறிய சுத்தியல் ஒன்று அதற்குரிய தந்திகளை அடிக்கும். அதே வேளையில் அந்தத் தந்திகளின் மேல் படிந்திருந்த கம்பளித் துண்டொன்று விலகிக்கொள்ளும். கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் கம்பளி மீண்டும் தந்தியில் படிந்து ஒலியை அடக்கும். இந்தக் கம்பளித் துண்டின் பெயர் டாம்பர். ஐயரின் விரல் செய்யும் வேலையைச் செய்வது இதுதான். பியானோவின் வலப்பக்கப் பெடலை மிதித்தால் எல்லா டாம்பர்களும் ஒரே நேரத்தில் தந்திகளிலிருந்து எழும்பி நிற்கும். அப்போது விரலை எடுத்தாலும் ஒலி அடங்காது, கால் எழும்பும்வரை தானாகத் தேய்ந்துகொண்டே நீளும். அடிக்காத தந்திகளும் கட்டவிழ்ந்து நிற்பதால் அவையும் சேர்ந்து மெல்ல அதிரும். பியானோவில் பெடலை மிதித்ததும் ஒலி விரிந்தது போலத் தோன்றுவது இதனால்தான். 88 கட்டைகளில் மிக உச்சத்திலுள்ள ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயிக்கு டாம்பரே கிடையாது. அந்தக் குட்டைத் தந்திகளின் ஒலி அடக்க ஆள் தேவைப்படாத அளவுக்கு விரைவாகத் தானே மறைந்துவிடும்.

ஆகவே பெடல் ஒலியைக் கூட்டுவதில்லை, அடக்குவதை ஒத்திப்போடுகிறது. சத்தம் கூடுமா என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுவே.

## பூட்டிய வாயிற்கதவு

மின்னணுக் கீபோட்டில் தந்தியும் இல்லை, கம்பளியும் இல்லை. கட்டையை அழுத்தும்போது அதன் கீழுள்ள தொடுகை உள்ளேயிருக்கும் சிறிய கணினிக்குத் "தொடங்கு" என்று சொல்கிறது. விரலை எடுக்கும்போது "நிறுத்து" என்று சொல்கிறது. பெடல் மிதித்திருக்கும் நேரத்தில் கணினி இந்த "நிறுத்து" என்ற கட்டளைகளை நிறைவேற்றாமல் ஒரு பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். காலை எடுத்ததும் சேர்த்து வைத்தவற்றை ஒரேயடியாக நிறைவேற்றும்.

பாடசாலை விட்டதும் வாயிற்கதவு இன்னும் திறக்கப்படாமல் இருப்பதை நினைத்துப் பாருங்கள். வகுப்பு முடிந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் நிற்பார்கள். கதவு திறந்ததும் எல்லோரும் ஒன்றாக வெளியேறுவார்கள். பெடலை மிதிப்பது கதவைப் பூட்டுவது; எடுப்பது திறப்பது. கோட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம்) மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் கதவைத் திறந்து பழைய சுரங்களை வெளியேற்றாவிட்டால், பழைய கோட்டும் புதிய கோட்டும் முற்றத்தில் இடிபட்டு வாசிப்பு கலங்கிப் போகும். புதிதாகப் பெடல் வாங்கிய பிள்ளைகளின் முதல் மாதம் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கும். அதைப் பெடலின் குறையென்று எண்ணி மாற்றக் கொண்டுபோனவர்களும் உண்டு.

முற்றத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை சுரங்களை ஒலிக்கவைக்க முடியும் என்ற எண்ணிக்கையைப் பொலிஃபனி என்பார்கள். யமாஹா பீ.எஸ்.ஆர். ஈ373 மாதிரியில் அது 48. ஈ473 மாதிரியில் 64. பத்து விரல்களுக்கு இது தாராளம் என்று தோன்றும். ஆனால் பெடலை மிதித்தபடி மேலும் கீழும் ஓடினால் சுரங்கள் விரைவில் குவியும். இரண்டு குரல்களை, அதாவது பியானோ, ஓர்கன் போன்ற ஒலி வகைகளை, சேர்த்து வாசித்தால் ஒவ்வொரு கட்டையும் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளும். பின்னணித் தாளமும் அதே முற்றத்தில்தான் நிற்கும். இடம் நிரம்பியதும் முதலில் வந்து நின்ற சுரம் பெரும்பாலும் சொல்லாமல் வெளியே தள்ளப்படும். நீட்டிப் பிடித்த அடிச்சுரம் இடையில் காணாமற்போனால் அதற்குக் காரணம் பெடல் அன்று, விலை கூடிய பெடலால் அது தீரப்போவதும் இல்லை.

எந்தக் குரலைத் தெரிவு செய்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பியானோ, கிட்டார், மணி போன்ற ஒலிகள் பிறந்த கணத்திலிருந்து தேய்வன. அவற்றுக்குப் பெடல் பொருந்தும். ஓர்கனும் வயலின் கூட்டமும் கட்டையைப் பிடித்திருக்கும்வரை தேயாதவை. அவற்றில் பெடலை மிதித்தால் காலை எடுக்கும்வரை முழுப் பலத்தோடு நிற்கும். தேவாலயங்களில் ஓர்கன் குரலை வைத்துக்கொண்டு பெடலில் காலை ஊன்றி நிற்கும் வழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பாடகர் குழுவுக்குச் சுருதி பிடிபடாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

## ஒரே பெயரில் மூன்று வேலைகள்

கடையில் "இந்தக் கீபோட்டில் சஸ்டெயின் இருக்கிறது, தனியாகப் பெடல் வேண்டாம்" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல, வேறொன்றைப் பற்றிச் சொல்கிறார்கள். பல கீபோட்களின் முகப்பில் சஸ்டெயின் என்று ஒரு பொத்தானோ செட்டிங்கோ இருக்கும். அதைப் போட்டால் விரலை எடுத்த பின் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவான சிறிது நேரம் இழுபட்டு அடங்கும். எப்போது இழுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. ரிவேர்ப் என்பது இன்னொன்று. பெரிய மண்டபத்தில் வாசிப்பது போன்ற எதிரொலியைச் சேர்ப்பது. பெடல் மட்டுமே கணத்துக்குக் கணம் உங்கள் காலுக்குக் கட்டுப்படுவது.

எக்ஸ்பிரஷன் பெடல் என்ற பெயரிலும் ஒன்று விற்பனைக்கு இருக்கும். அது வாகனத்தின் அக்ஸிலேட்டர் போல மிதித்த நிலையிலேயே நிற்கும். ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்க உதவும். சஸ்டெயின் பெடல் காலை எடுத்ததும் தானே மேலே எழும்ப வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்க முடியாவிட்டால் கையால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், போதும்.

## பெடலின் வயிற்றுக்குள்

எனது அறையில் பழுதான பெடல் ஒன்றைத் திறந்தே வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே ஒரு சுருள்வில், விரல் நுனியளவான ஒரு சிறிய ஆளி (சுவிட்ச்), அதிலிருந்து புறப்படும் இரண்டு மெல்லிய வயர்கள். அவ்வளவுதான். முதலில் பார்க்கும் பிள்ளை "சேர், மிச்சம் எங்க?" என்று கேட்காமல் விட்டதில்லை.

அந்த இரண்டு வயர்களும் 6.35 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பிளக்கில் முடிகின்றன. கால் அங்குலப் பிளக் என்றும் சொல்வார்கள். அதன் கூர்முனை ஒரு வயருக்கு, தண்டு மற்ற வயருக்கு. நடுவில் ஒரு கறுப்பு வளையம் இரண்டையும் பிரிக்கும். கீபோட் தன் பின்புறத் துளையிலிருந்து மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றை அனுப்பி, முனைக்கும் தண்டுக்கும் இடையே பாதை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாதை இருந்தால் மூடிய சுற்று. இல்லாவிட்டால் திறந்த சுற்று. பெடலிலிருந்து கீபோட்டுக்குப் போகும் செய்தி முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

அதனால்தான் பெயர் பெற்ற நிறுவனத்தின் பெடலைப் பூட்டினாலும், பெயரில்லாத பெடலைப் பூட்டினாலும், கீபோட்டிலிருந்து கேட்கும் ஒலியில் எள்ளளவும் வேறுபாடு இராது.

துளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல கீபோட்களில் ஹெட்போன் துளையும் இதே 6.35 மில்லிமீற்றர்தான். எனது மாணவி ஒருத்தியின் தகப்பனார் இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, பெடலைப் பூட்டிய கையோடு கீபோட் செத்துவிட்டது என்றார். பிளக் ஹெட்போன் துளையில் இருந்தது. அதில் எதைச் செருகினாலும் வெளி ஸ்பீக்கர் அடங்கிவிடும். பெடலின் ஆளி மூடும்போது ஒலி வெளியேறும் பாதையே குறுஞ்சுற்றாகும், அது கீபோட்டுக்கு நல்லதன்று. துளையின் மேல் சஸ்டெயின், பெடல், டாம்பர் ஆகிய சொற்களில் ஏதாவது ஒன்று எழுதியிருக்க வேண்டும். மிகச் சிறிய, தொடக்கநிலைக் கீபோட்கள் சிலவற்றில் அந்தத் துளையே இராது. ஆகவே கடைக்குப் புறப்படுவதற்கு முன் கீபோட்டைத் திருப்பிப் பார்ப்பதே முதல் வேலை.

## குளிர்சாதனப் பெட்டியின் விளக்கு

"சேர், பெடல் மாறி வேலை செய்யுது. கால எடுத்தாத்தான் சத்தம் இழுபடுது." ஆண்டுக்கு நான்கைந்து தடவையாவது எனக்கு வரும் முறைப்பாடு இது. இது பழுதும் அல்ல, போலிப் பொருளும் அல்ல. ஆளிகளில் இரண்டு வகை உண்டு என்பதே இதற்குக் காரணம், இரண்டு வகையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தாதபோது சுற்று திறந்திருக்கும். அழுத்தினால் மூடும், மணி அடிக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவோரத்தில் இருக்கும் சிறிய பொத்தான் இதற்கு எதிரானது. அதை யாரும் அழுத்தாதபோது, அதாவது கதவு திறந்திருக்கும்போது, சுற்று மூடி விளக்கு எரியும்; கதவு வந்து பொத்தானை அழுத்தியதும் சுற்று திறந்து விளக்கு அணையும். முதலாவதை இயல்பில் திறந்த ஆளி என்றும், இரண்டாவதை இயல்பில் மூடிய ஆளி என்றும் சொல்வார்கள். சஸ்டெயின் பெடல்களிலும் இவ்விரண்டும் உண்டு. யமாஹாவின் எஃப்.சி.5, எஃப்.சி.4ஏ ஆகிய பெடல்கள் குளிர்சாதனப் பெட்டி வகையைச் சேர்ந்தவை. காலை வைத்ததும் சுற்று திறக்கும். வேறு சில நிறுவனங்கள் அழைப்பு மணி வகையைப் பின்பற்றுகின்றன. ஒரு வகையை எதிர்பார்க்கும் கீபோட்டில் மற்ற வகைப் பெடலைப் பூட்டினால், கால் இல்லாத நேரத்தை அது கால் இருக்கும் நேரமாக எண்ணிக்கொள்ளும்.

இதற்கு இசைக்கருவிக் கடைகளில் வழங்கும் பெயர் போலாரிட்டி. இந்தப் பெயர் பலரைத் தவறான பக்கத்துக்கு இழுத்துச் செல்கிறது, என்னையும் ஒரு தடவை இழுத்தது. போலாரிட்டி என்றதும் பற்றரியின் நேர், மறை முனைகளே நினைவுக்கு வரும். பல வருடங்களுக்கு முன் மாறி வேலை செய்த எனது பெடலை நகரில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோய், "போலாரிட்டி மாறிப்போச்சு, வயரை மாத்தி ஒட்டித் தாங்க" என்று நானே சொன்னேன். அவரும் பிளக்கைக் கழற்றி இரண்டு வயர்களையும் இடம் மாற்றி அழகாக ஈயம் வைத்து ஒட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து பூட்டிப் பார்த்தால் முன்பு போலவே மாறித்தான் வேலை செய்தது. அன்றைக்கு அவரைக் குறை சொன்னேன். குறை என்னுடைய சொல்லில் இருந்தது. ஆளி என்பது ஒரு வாசல். வாசலுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது திறந்திருந்தால் திறந்திருக்கும், மூடியிருந்தால் மூடியிருக்கும். வயர்களை இடம் மாற்றுவதால் ஆளியின் இயல்பு மாறாது.

அதை மாற்றுவதற்கு வழிகள் வேறு. இவற்றுள் காசு செலவில்லாததையே முதலில் செய்து பார்க்க வேண்டும். கீபோட்டை நிறுத்திவிட்டு, பெடலைப் பூட்டி, அதில் காலோ வேறு எதுவுமோ படாதபடி பார்த்துக்கொண்டு, பிறகு கீபோட்டைப் போடுங்கள். பல கீபோட்கள் உயிர்பெறும் கணத்தில் துளையைச் சோதித்து, அப்போது இருக்கும் நிலையையே "கால் இல்லை" என்று எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த வகைப் பெடலும் சரியாக வேலை செய்யும். என்னிடம் வந்த முறைப்பாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்தவை. போடும்போது பெடலில் கால் இருந்தால் நல்ல பெடலும் மாறித்தான் வேலை செய்யும் என்பதையும் இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்கும் சரிவராவிட்டால் கீபோட்டின் செட்டிங்கில் போலாரிட்டியை மாற்ற இடமிருக்கிறதா என்று கைந்நூலில் பார்க்கலாம். அதுவும் இல்லாவிட்டால் பெடலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எம்-ஓடியோ எஸ்.பி.2, நெக்டார் என்.பி.2 போன்ற பெடல்களிலும், பெயரில்லாத மலிவான பல பெடல்களிலும் அங்கே ஒரு சிறிய தள்ளும் ஆளி இருக்கும். அதை மறுபக்கம் தள்ளினால் பெடல் ஒரு வகையிலிருந்து மற்ற வகைக்கு மாறிவிடும். வாங்கப் போகிறவருக்கு நான் முதலாவதாகச் சொல்வது இதைத்தான்: அடியில் அந்தச் சிறிய ஆளி உள்ள பெடலை எடுங்கள். நாளைக்குக் கீபோட்டை விற்று வேறு நிறுவனத்தின் கீபோட் வாங்கினாலும் பெடல் கூடவே வரும்.

ஏற்கெனவே வாங்கிய பெடலில் அது இல்லாவிட்டாலும் வழி உண்டு. உள்ளே இருக்கும் மைக்ரோ ஆளியில் மூன்று கால்கள் இருந்தால், ஒன்று பொதுவானது, ஒன்று இயல்பில் திறந்தது, மற்றது இயல்பில் மூடியது. பொதுவான காலில் இருக்கும் வயரைத் தொடாமல், மற்ற வயரை மட்டும் ஒரு காலிலிருந்து அடுத்ததற்கு மாற்றி ஒட்டினால் வேலை முடிந்தது. எந்தப் பெடல் எந்த வகை என்று தெரியாவிட்டால் மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் கூரிலும் மறுமுனையைத் தண்டிலும் பிடியுங்கள். பெடலை அமத்தும்போது கூவினால் அழைப்பு மணி வகை. சும்மா இருக்கும்போது கூவினால் குளிர்சாதனப் பெட்டி வகை.

இதுவரை பார்த்தவை மூன்று. பெடல் என்பது ஆளி. ஆளிகளில் இரண்டு வகை உண்டு. மாறி வேலை செய்யும் பெடல் பெரும்பாலும் பழுதான பெடல் அன்று, கீபோட்டோடு வகை பொருந்தாத பெடல்.

## அரைக்கால் மிதிப்பு யாருக்கு வேண்டும்

உண்மையான பியானோவில் பெடலைப் பாதி மிதித்தால் டாம்பர்கள் தந்தியை இலேசாக உரசிக்கொண்டு நிற்கும். ஒலி முழுவதும் அடங்காமலும் முழுவதும் நீளாமலும் ஒரு நடுநிலையில் தேயும். இதைச் செய்யவல்ல மின்னணுப் பெடல்களும் உண்டு. அவற்றுக்குள் ஆளிக்குப் பதிலாகக் கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கும் பொறிமுறை இருக்கும். பிளக்கில் கறுப்பு வளையம் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இருக்கும். யமாஹாவின் எஃப்.சி.3ஏ, ரோலண்டின் டி.பி.10 ஆகியவை இந்த வகை.

கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு 1983இல் வந்த மிடி என்ற பொது மொழியில் சஸ்டெயின் பெடலுக்கு 64ஆம் இலக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் அளவு 0 முதல் 127 வரை போகும். அரை மிதிப்பை அறியாத கருவி 63 வரை உள்ளதை "இல்லை" என்றும், 64 முதல் உள்ளதை "ஆம்" என்றும் மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே கீபோட் அரை மிதிப்பை ஏற்காவிட்டால் அதற்கான பெடலுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண். தொடக்கநிலைக் கீபோட்களில் பெரும்பாலானவை ஏற்பதில்லை. எடை கூடிய கட்டைகளுள்ள டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் பற்றி யோசித்தால் போதும்.

## காசு எதற்குப் போக வேண்டும்

ஒலியில் வேறுபாடு இல்லையென்றால் விலைகளில் ஏன் இவ்வளவு வேறுபாடு என்ற கேள்வி நியாயமானது. வேறுபாடு முழுவதும் காலுக்கும் நிலத்துக்கும் இடையில் இருக்கிறது.

மலிவானவை சிறிய பெட்டி வடிவப் பெடல்கள். யமாஹா எஃப்.சி.5, காசியோ எஸ்.பி.3 ஆகியவை இந்தத் தோற்றம் கொண்டவை. கீபோட்டோடு இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். வேலையைச் சரியாகச் செய்யும், ஆனால் எடை குறைவு. நம் வீடுகளில் யாரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பதில்லை. வெறுங்காலோடு, மாபிள் பதித்த நிலத்தில் இந்தச் சிறிய பெட்டியை மிதித்தால் அது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விரற்கடையளவு முன்னால் நகரும். பாட்டின் முடிவில் பிள்ளை கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கீபோட்டின் கீழே காலை நீட்டித் தேடிக்கொண்டிருக்கும். பழைய இறப்பர் செருப்பின் அடியை வெட்டிப் பெடலின் கீழ் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்; ஓரளவுக்கு உதவும்.

அடுத்தது பியானோப் பெடலைப் போல நீண்ட உலோக நாக்குள்ள வகை. யமாஹா எஃப்.சி.4ஏ, மேலே சொன்ன எம்-ஓடியோ, நெக்டார் பெடல்கள், பெயரில்லாத பல பெடல்கள் எல்லாம் இந்த உருவத்தில் கிடைக்கின்றன. குதிகாலை நிலத்தில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மிதிக்கும் சரியான பழக்கம் இதில்தான் வரும். உலோகத் தட்டின் பாரமும் அடியிலுள்ள இறப்பரும் சேர்ந்து இதை இடத்தில் நிறுத்தும். பெயரில்லாத உலோகப் பெடலுக்கும் பெயர் பெற்ற பெட்டிப் பெடலுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றாயிருந்தால், நான் யோசிக்காமல் உலோகப் பெடலையே எடுப்பேன்.

கடையில் கையில் எடுத்ததும் நாக்கை மிக மெதுவாக அழுத்துங்கள். "டிக்" என்ற உரத்த சத்தம் வந்தால், பாட்டின் அமைதியான இடத்தில் அது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நாக்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. முடிந்தால் வீட்டுக் கீபோட்டையே கொண்டுபோய்ப் பூட்டி, ஒரு கோட்டைப் பிடித்துப் பெடலை மிதித்து விரல்களை எடுத்துவிட்டு, பிளக்கிலிருந்து வயர் புறப்படும் இடத்தை வளைத்து அசைத்துப் பாருங்கள். ஒலி இடையில் அறுந்தால் அந்தப் பெடலை அங்கேயே வைத்துவிடலாம். பெடல்கள் செத்துப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வயர் இரண்டு மீற்றருக்குக் கிட்ட இருந்தால் நல்லது. கட்டையாயிருந்தால் மிதிக்கும்போது பிளக்கை இழுத்து, கீபோட்டின் துளையையே காலப்போக்கில் தளர்த்திவிடும்.

சில கீபோட்களில் கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடக்கைக்கு வேறு குரல் வைத்தால், பெடல் அந்தப் பகுதியில் வேலை செய்யாது. வேறு சிலவற்றில் அதே துளைக்குத் தாளத்தை ஆரம்பித்து நிறுத்தும் வேலையைச் செட்டிங்கில் கொடுத்திருப்பார்கள். கடைச் சோதனையில் பெடல் பேசாமல் இருந்தால், இந்த இரண்டையும் பார்த்த பிறகு பெடலைக் குறை சொல்லலாம்.

காசே இல்லாதவர்களுக்கு: எனது பழைய மாணவன் ஒருவன் அழைப்பு மணிப் பொத்தான் ஒன்றைப் பலகைத் துண்டில் அறைந்து, ஒரு மோனோப் பிளக்கும் (கறுப்பு வளையம் ஒன்று மட்டும் உள்ளது) வயரும் வாங்கித் தானே பெடல் செய்தான். இயல்பில் திறந்த வகை. அவனது கீபோட் தானாக வகையைக் கண்டுபிடிப்பதாயிருந்ததால் உடனே வேலை செய்தது. நத்தார்க் கரோல் முழுவதையும் அதில்தான் வாசித்தான். கீபோட்டின் துளையில் வரும் மின் மிகச் சிறியது, ஆபத்தில்லை. ஆனால் சுவரில் மின்னிணைப்போடு இருக்கும் பொத்தானைக் கழற்றி எடுக்கும் வேலையை மட்டும் பிள்ளைகள் செய்யக்கூடாது.

## உப்புக் காற்று

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள நம் ஊரில் எந்த உலோகமும் நெடுநாள் மினுங்கிக்கொண்டிருப்பதில்லை. பிளக்கின் மேல் மங்கல் படர்ந்து, ஆளியின் தொடுகைகளில் களிம்பு ஏறினால், பெடல் சில தடவை கேட்கும், சில தடவை கேட்காது. பலர் இந்தக் கட்டத்தில் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் பிளக்கை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, துளைக்குள் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் இலத்திரனியல் கடைகளில் விற்கும் தொடுகை சுத்தம் செய்யும் ஸ்பிரேயை ஆளிக்குள் சிறிது அடித்து, காய்ந்த பின் பூட்டலாம். மாரி காலத்தில் பெடலை நிலத்தில் விட்டு வைக்காமல் கீபோட் பையில் போட்டு வைப்பது நல்லது.

நிலத்தில் விட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. போன மாதம் ஒரு காலை வகுப்பில், முதல் நாள் வரை ஒழுங்காயிருந்த எனது பெடல் மாறி வேலை செய்தது. நிறுத்திப் போட்டேன், அப்போதும் மாறித்தான் இருந்தது. செட்டிங்கைப் பார்த்தேன், பிளக்கைத் துடைத்தேன், பிறகு குனிந்து கீபோட்டின் கீழே பார்த்தேன். பெடலின் மேல் யாரோ ஒரு பிள்ளையின் புத்தகப் பை சாய்ந்திருந்தது.